ஞானாம்பிகையின் வலது கை

வலது கை எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும். இடது கை கோப்பையில் மைலோ பானத்தைக் கலக்கிக்கொண்டிருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன் இடுக்கியிருக்கும். கண்கள் இவை எதையும் கவனிக்காமல், எதிரே உட்கார்ந்திருக்கும் ஷேரனின் புதுக் காதணியை எடைபோட்டுக்கொண்டிருக்கும். பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டையில் அந்த இரண்டாம் மாடி அலுவலகத்துக்குக் காலையில் யார் வந்தாலும் ஞானாம்பிகையை இந்தக் கோலத்தில்தான் பார்ப்பார்கள்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா உன்ர முகத்துக்குக் கொஞ்சம் சின்னதா எடுத்திருக்கலாம் லா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கண்டெய்னரின் எண் முழுதாகக் கணினிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஓர் இலக்கம்கூடப் பிசகியிருக்காது.

கம்பெனியின் தொழில் சரக்கு அனுப்புவது. கப்பலேறுகிற பெட்டிகளுக்கும் கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளுக்கும் கஸ்டம்ஸ் படிவம் போடுவது ஞானாம்பிகையின் வேலை. பெட்டி எண், சீல் எண், எடை, விலை என்று நாள் முழுக்க எண்கள்தான். கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறதே, நம்மில் பாதிப்பேர் தொட்டே பார்க்காதது, அதில்தான் அவர் குடியிருக்கிறார். ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். நடுவிரல் அதைத் தொட்டுவிட்டால் போதும், மற்ற விரல்கள் தாமாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதனால் வந்த வம்புகளும் உண்டு. அந்தக் கட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது மேல் வரிசையில் இருக்கும். பணம் எடுக்கும் மெஷினிலோ ஒன்று, இரண்டு, மூன்றுதான் மேலே. ஞானாம்பிகையின் விரல்கள் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டதே இல்லை. ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கத்து மெஷின் அவர் அட்டையை விழுங்கிய பிறகு, "இந்த மெஷின் தலைகீழாப் படிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, பணம் எடுக்கும் பொறுப்பைக் கணவர் அம்பிகைபாகன் தலையில் கட்டிவிட்டார். அலுவலக போனில் கணவரைக் கூப்பிடப் போய், ஆயர் ஈத்தாமில் ஒரு டயர் கடைக்காரரை அடிக்கடி கூப்பிட்டதில், இப்போது அவர் குடும்ப நண்பராகிவிட்டார். ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் அங்கிருந்து ஆரஞ்சுப்பழம் வருகிறது.

அவருடைய மேசை சன்னலோரத்து மூலையில் இருந்தது. சன்னலைத் திறந்தால் பெரிய சாக்கடையும் அதற்கப்பால் ஒரு தொழிற்சாலையின் முதுகும் தெரியும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் அது அவருடைய சன்னல். கணினியின் நெற்றியில் சரஸ்வதி படம் ஒட்டியிருந்தது. இழுப்பறையில் எலுமிச்சை ஊறுகாய், கோடாலித் தைலம், வீட்டுச் செருப்பு, யாருக்காவது சட்டைப் பொத்தான் அறுந்தால் தைக்க ஊசி நூல். ஏர்கானுக்குப் பயந்து ஒரு கம்பளிச் சட்டை எப்போதும் நாற்காலியின் தோளில் தொங்கும். அவர் விடுப்பில் இருக்கும் நாளில்கூட அந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்தவர் சாதிக். புது மேனேஜர். ஜார்ஜ்டவுன் பையன்தான், கொஞ்ச காலம் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்த கையோடு எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு பெட்டியைப் பிரித்தார். உள்ளே மெல்லிசாக ஒரு மடிக்கணினி. திரையைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, பிச்சுப்போட்டீங்களே!" என்று ஞானாம்பிகை அலறினார்.

"பிக்கலக்கா, இது அப்படித்தான். வேணும்னா லேப்டாப், கழட்டுனா டேப்லட். இனிமே எல்லாருக்கும் இதுதான். பழைய கம்ப்யூட்டரெல்லாம் போவுது. மேசையும் போவுது. நடுவுல ஒரு நீட்டு மேசை போடுறோம். யாருக்கும் தனி இடம் கிடையாது. எங்க வேணா உக்காரலாம், ஃப்ரீ லா!"

"எங்க வேணுமெண்டாலும் இருக்கலாம் எண்டா, எனக்கு ஒரு இடமும் இல்லை எண்டுதானே தம்பி சொல்றீங்கள்?"

சாதிக் சிரித்து மழுப்பினார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் கடற்பாலத்தில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. லாரிகளையும் பெட்டிகள் அடுக்கும் யார்டையும் பார்த்துக்கொள்ளும் வின்சென்ட்டுக்கும் வீடு ஜெலுத்தோங்கில்தான். அவர் காரில்தான் ஞானாம்பிகை போய்வருவது. அன்று ஞானாம்பிகை கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஞானாம்பிகை பேசாமல் வந்தால் வின்சென்ட்டுக்குக் கார் ஓட்ட வராது.

"என்னக்கா, அந்தச் சாமான்தானே? விடுங்க. கைபோன் வந்தப்ப வீட்டு போன் எங்கயும் போவாதுன்னு நாமதான சொன்னோம். இப்ப எங்க இருக்கு? இதுவும் அப்படித்தான்."

"சாமான் வந்திட்டுப் போகட்டும் வின்சென்ட். அதில நம்பர்க் கட்டை இல்லை, அதையும் ஒரு மாதிரிச் சமாளிப்பன். ஆனா என்ர மேசையை எடுக்கிறாங்களே" என்றார் ஞானாம்பிகை. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக மலாயாவுக்கு வந்தவர். அப்பாவும் குமாஸ்தா. இவரும் குமாஸ்தா. மேசை இல்லாத குமாஸ்தாவை அந்தக் குடும்பம் பார்த்ததில்லை.

புதுச் சாமானுக்கு அவர் "தலை கழண்டது" என்று பெயர் வைத்தார். எண்கள் அதில் மேல் வரிசையில் நீளமாக நின்றன. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியிருந்தது. குனிந்து பார்த்தால் ஷேரனின் காதணியை யார் பார்ப்பது?

"இன்னும் அஞ்சு வருஷத்துல பெரிய கம்ப்யூட்டரெல்லாம் மியூசியத்துலதான்க்கா" என்பாள் ஷேரன். அவளுக்கு அந்தச் சாமானை ரொம்பப் பிடித்துவிட்டது.

"நம்பர்க் கட்டை இல்லாத சாமான்தான் பிள்ளை மியூசியத்துக்கு லாயக்கு" என்பார் இவர்.

பழைய கணினிகள் ஸ்டோர் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. மேசைகளை மட்டும் ஆயுத பூசை முடியும்வரை தொடக்கூடாது என்று கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டார் ஞானாம்பிகை. வருஷா வருஷம் சாமி படம் வைப்பது அவருடைய மூலை மேசையில்தான். லாரிகளுக்கு எலுமிச்சை, பூசணிக்காய் எல்லாம் வின்சென்ட் பொறுப்பு. அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். இருந்தாலும் பூசணிக்காயை அவரைப்போல் ஒரே அடியில் உடைக்க அங்கே வேறு ஆள் இல்லை. சீன முதலாளியும் வருவார். கைகூப்பி நிற்பார். இரண்டு கப் சுண்டல் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைக் காரில் வைத்துக்கொள்வார்.

இந்த வருஷப் பூசைக்குப் பத்துப் பன்னிரண்டு தலை கழண்டதுகளையும் கழற்றி, கீபோர்டுகளைப் படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார். மேசைக்குக் கடைசிப் பூசை. ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று மனத்துக்குள் வீம்பு. சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் கீபோர்டின் விளிம்பைப் பார்த்து நின்றார். திரை வந்து உட்காரும் இடத்தில் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன.

"பாரன் பிள்ளை, பொட்டு வைக்க இடமே விட்டிருக்கினம்!"

"ஆமாக்கா" என்றாள் ஷேரன், சுண்டலிலிருந்து நிமிராமல்.

ஞானாம்பிகை உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு புள்ளியையும் விடாமல் சந்தனம் இட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பிடிக்காத சாமான்தான். ஆனாலும் சாமிக்கு முன்னால் அதற்கு ஒரு வஞ்சனையும் செய்யவில்லை.

மறுநாள் காலை அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. திரைகளைச் செருகினார்கள். திரை எரிந்தது. கீபோர்டைத் தட்டினால் ஓர் எழுத்து விழவில்லை. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். ஷேரன் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சாதிக் சப்ளையருக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"என்ன சாமான் லா கொடுத்திருக்கீங்க? ஒரு மாசம்கூட ஆகல, எல்லா கீபோர்டும் ஒரே நாள்ல செத்துப்போச்சு! சாயங்காலம் வந்து அத்தனையும் தூக்கிட்டுப் போங்க. எங்களுக்குப் பழைய கம்ப்யூட்டரே போதும்!" போனை வைத்துவிட்டு ஷேரனிடம் திரும்பினார். "நீட்டு மேசைக்காரனுக்கும் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு."

ஞானாம்பிகைக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. மேசை தப்பித்தது! முகத்தில் சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டு, தம்முடைய திரையைச் சும்மா ஒருமுறை இழுத்தார். அது கழன்று வந்தது. தங்கப் புள்ளிகளின் மேல் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. திரையும் கீபோர்டும் ஒன்றையொன்று தொட வேண்டிய இடமே அதுதான். சத்தம் வராமல் திரையைத் திரும்பச் செருகினார்.

ஒருவரும் பார்க்கவில்லை. செருகிவிட்டால் விளிம்பு வெளியே தெரியாது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயைத் திறக்காமல் இருப்பது. அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் மேசைக்காக முயன்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வின்சென்ட் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "அக்கா, ஒரு பெட்டிய ஹார்பர் கேட்ல விடாமத் திருப்பி அனுப்பிட்டான், கீழ நம்ம யார்ட்ல நிக்குது. படிவத்துல நம்பர் தப்பாம். வந்த பேப்பர்லயே தப்பு. பெட்டியில கடைசி நம்பர் துருப்பிடிச்சுக் கெடக்கு. நான் மூணுங்கிறேன், டிரைவர் எட்டுங்கிறான். என் கண்ணாடி வேற வீட்ல கெடக்கு. மத்தியானத்துக்குள்ள உள்ள போவாட்டி கப்பல விட்டுருவோம். நீங்களே வந்து பார்த்து அங்கயே மாத்திக் கொடுத்துருங்க."

"எதில மாத்திறது? கீபோர்ட் வேலை செய்யேல்லையே."

"திரை எரியுதுல்ல? அதக் கழட்டி எடுத்துக்கிட்டு வாங்க!"

ஞானாம்பிகை திரையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு படியிறங்கினார். இத்தனை வருஷ வேலையில் யார்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவருடைய சன்னல் சாக்கடைப் பக்கம் அல்லவா பார்த்தது. பெட்டிகளை அவர் எண்களாகவே அறிந்திருந்தார். அவை வீட்டளவு உயரம் இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நீலப்பெட்டி ஒன்று லாரியின் மேல் வெயிலில் நின்றது. ஞானாம்பிகை அண்ணாந்து, நாலு எழுத்தையும் முதல் சில எண்களையும் வாசித்தார். அவருடைய வலது கை விரல்கள் சேலையோரத்தில் தாமாக அசைந்தன.

"அட, நீயா லா!" என்றார் பெட்டியைப் பார்த்து.

தெரிந்த பெட்டிதான். ஒருமுறை கொழும்பிலிருந்து தேங்காய்த் துருவலோடு வந்தது. ஒருமுறை சென்னையிலிருந்து எவர்சில்வர் சாமானோடு வந்தது. எத்தனையோ தடவை அந்த விரல்கள் வழியாகப் போய் வந்தது. ஞானாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு காற்றில் தட்டிப் பார்த்தார். கடைசியில் நடுவிரல் மேலே எழும்பி நின்றது.

"எட்டு."

வின்சென்ட் ஏறிக் கார்ச் சாவியால் துருவைச் சுரண்டினார். எட்டின் மேல்வட்டம் பச்சைப்பிள்ளை கண் விழிப்பதுபோல் மெல்லத் தெரிந்தது. டிரைவர் வின்சென்ட்டைப் பார்த்துச் சிரித்தான்.

அதைத் திரையில் போடும்போதுதான் பாடு. தொட்டதும் திரைக்குள்ளேயே வந்து நின்ற எண்கட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று மேலே இருந்தன. எட்டைத் தேடிப்போன விரல் இரண்டில் விழுந்தது. அழித்தார். திரும்பவும் இரண்டு. "இதுவும் அந்தப் பணம் எடுக்கிற மெஷினோடதான் படிச்சிருக்கு" என்று திட்டிக்கொண்டே, ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோல் கொத்தி முடித்தார். வின்சென்ட் அட்டைப்பெட்டி ஒன்றைத் தலைக்குமேல் பிடித்து நிழல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒப்புதல் வந்தது. லாரி கிளம்பியது. ஞானாம்பிகை அந்தப் பெட்டிக்குக் கை காட்டினார். மனசு அப்படிக் குளிர்ந்து போயிருந்தது.

படியேறி வந்தால் சாதிக் இன்னும் போனில் இருந்தார். இப்போது சப்ளையரின் டெக்னிஷியன் மாட்டிக்கொண்டிருந்தான். "உன்ன நம்பித்தானே வாங்குனேன்? உன் பாஸ்கிட்ட பேசி உன் வேலையத் தூக்குறேனா இல்லையா பாரு!" போனிலிருந்து ஒரு சின்னக் குரல் ஏதோ மன்றாடியது.

ஞானாம்பிகை மூலை மேசையை ஒருமுறை பார்த்தார். அதன்மேல் பூசைக்கு வைத்திருந்த சரஸ்வதியையும் பார்த்தார்.

"சாதிக், போனை வையுங்கோ. அந்தப் பெடியனைப் பேசாதீங்கோ. அது அவன்ர பிழை இல்லை. என்ர சந்தனம்."

ஞானாம்பிகை ஒரு கீபோர்டை எடுத்து விளிம்பைக் காட்டினார். சாதிக் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார்.

"எல்லாத்துலயுமாக்கா?"

"ஒண்டையும் விடேல்லை. உங்கடதிலதான் இன்னும் வடிவா வச்சனான்."

முதலில் சிரித்தது ஷேரன். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, சாதிக் உட்பட. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் காதுக்குச்சியும் எடுத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து துடைத்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் கீபோர்டுகள் ஒவ்வொன்றாக உயிர்த்தெழுந்தன. "மாதாவே, பொழச்சோம்" என்றார் வின்சென்ட். சாதிக் டெக்னிஷியனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அப்புறம் நீட்டு மேசைக்காரனையும் கூப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மேசைகள் போயின. இழுப்பறையைக் காலி செய்யும்போது ஞானாம்பிகைக்கு அழுகை வந்தது. ஊறுகாய்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஷேரன் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வயர் இல்லாத எண்கட்டம், உள்ளங்கை அகலத்தில், தனியாக. "இது தனியாவே கிடைக்குதுக்கா." ஞாயிற்றுக்கிழமை அம்பிகைபாகனை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, ஐந்தாம் எண்ணில் மேடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே வாங்கினார்.

இப்போது தினமும் வின்சென்ட்டை விரட்டி எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். நீட்டு மேசையின் சன்னலோர முனையில் அந்த எண்கட்டத்தை வைக்கிறார். பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் அதே வேலைதான். பிறகு திரையைக் கழற்றிக்கொண்டு யார்டுக்கு இறங்கிவிடுகிறார். பெட்டிகளைச் சுற்றி வருகிறார். தெரிந்தது எதிர்ப்பட்டால் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார். டிரைவர்கள் அவருக்கென்று ஒரு நெகிழி நாற்காலியை நிழலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க? பெரிய கம்ப்யூட்டர் இனிமே வேணுமா, வேணாமா?" என்று ஷேரன் சீண்டினாள்.

"நடக்கிறதுக்குத் தலை கழண்டது. தட்டுறதுக்கு இந்த நம்பர்க் கட்டை. என்னட்ட இப்ப ரெண்டும் இருக்கு, நீ உன்ர வேலையைப் பார்."

போன வாரம் ஒருநாள் நல்ல மழை. ஷேரன் உட்கார்ந்த இடத்தில் ஏர்கான் சொட்டியதால், அவள் சன்னலோர முனைக்கு மாறிவிட்டாள். ஞானாம்பிகை யார்டிலிருந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு மேலே வந்தார். தம் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து நின்றார். சாதிக் தன் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஷேரன் பாதி எழுந்துவிட்டாள்.

"வாங்கக்கா, நான் மாறிக்கிறேன்."

"இரு பிள்ளை. எங்க வேணுமெண்டாலும் இருக்கலாம் தானே" என்றபடி ஞானாம்பிகை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைக் கீபோர்டில் செருகினார். இடது கையால் மைலோவை இழுத்துக் கலக்கத் தொடங்கினார். வலது கை நீண்டு, ஷேரனின் கீபோர்டைத் தாண்டி, அவளுடைய முழங்கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, சன்னலோரம் வரைக்கும் போயிற்று. அங்கே இருந்த எண்கட்டத்தின் மேல் இறங்கி, கண் பார்க்காமலே, நடுவிரல் அந்த மேட்டைத் தேடித் தொட்டது.